பழைய பல்சர் 150: சிக்னலில் இழுக்க மறுக்கிறது, எங்கிருந்து தொடங்குவது?

மட்டக்குளியான்

அனைவருக்கும் வணக்கம். மாமா ஓட்டிய 2008ஆம் ஆண்டு பஜாஜ் பல்சர் 150 மோட்டார் சைக்கிள் என் கைக்கு வந்திருக்கிறது. தினமும் மட்டக்குளியிலிருந்து வெள்ளவத்தைக்கு வேலைக்குப் போய் வருகிறேன். காலையில் உடனே எழும்புகிறது, ஓயில் குறைவதில்லை, புகையும் இல்லை. பிக்கப் மட்டும் அறவே இல்லை. பொரளைச் சந்தியில் பச்சை விழுந்தால் பக்கத்தில் நின்ற முச்சக்கர வண்டி எனக்கு முன்னால் போய்விடுகிறது. பின்னால் தனியார் பஸ் ஹோன் அடித்தபடி முதுகில் ஏறப் பார்க்கிறது. மனைவியையும் ஏற்றிக்கொண்டால் ஒரு லொறியை முந்துவதற்கே நாள் பார்க்க வேண்டும்.

உச்ச வேகம் எனக்குத் தேவையில்லை. கொழும்பின் காலி வீதியில் யார் அதற்கு இடம் விடுகிறார்கள்? 20இலிருந்து 60 வரை சட்டென்று போனால் போதும். புதியது வாங்கும் எண்ணமும் இல்லை. வாகன இறக்குமதி 2020இல் நின்று மீண்டும் திறந்த பிறகு காட்சியறைகளில் சொல்லும் விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் வெளியே வந்துவிட்டேன்.

ஒரு கராஜில் எஞ்சினைத் திறந்து போர் அடிக்க (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்க) வேண்டும் என்கிறார்கள். நண்பன் ஒருவன் சைலன்சரை மாற்றச் சொல்கிறான். இரண்டுக்கும் காசு வேண்டும். எதை முதலில் செய்வது?

முழுத்திரொட்டில்

இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? எயார் பில்டர் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டுக் கூம்பு பில்டர் ஒன்று மாட்டுங்கள். ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர், இரிடியம் பிளக், 95 ஒக்டேன் பெற்றோல். பைக் பறக்கும். என் நண்பர்கள் எல்லோரும் இப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

கிரீஸ்கை

பறப்பது காசுதான்.

தம்பி மட்டக்குளியான், போர் அடிக்கச் சொன்னவர் கம்பிரஷனை, அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை, அளந்து பார்த்தாரா? அந்த மீற்றரைப் பிளக் துளையில் மாட்டி அளக்கச் சில நிமிடங்கள் போதும். அளக்காமலே எஞ்சினைத் திறக்கச் சொல்பவரிடம் சைக்கிளுக்குக் காற்றடிக்கக்கூடக் கொடுக்காதீர்கள். புகை இல்லை, ஓயில் குறையவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே சந்தேகம் முதலில் வேறு இடங்களுக்குப் போக வேண்டும்.

இந்த வயதுப் பைக்கில் பிக்கப்பைக் கூட்டுவது பிறகு. புதிதாக வந்தபோது அதனிடம் இருந்தது எங்கே ஒழுகிப் போகிறது என்று முதலில் பாருங்கள். நான் பார்க்கும் ஒழுங்கைச் சொல்கிறேன்.

எஞ்சினைத் தொடாமல் சக்கரத்திலிருந்து தொடங்குங்கள். நடு ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் பின் சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். தாராளமாகச் சுற்ற வேண்டும். அரைச் சுற்றில் நின்றால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது செயின் இறுகிக் கிடக்கிறது, அல்லது பெயாரிங் போய்விட்டது. முன் டிஸ்க் காலிப்பரின் பிஸ்டனும் கடல் காற்றில் துருப்பிடித்து இறுகிவிடும். மரைன் டிரைவ் பக்கம் நாள் முழுவதும் நிற்கும் பைக்குகளில் இதை அடிக்கடி காண்கிறேன். ஓட்டிவிட்டு வந்ததும் டிஸ்க்குக்குக் கிட்டே கையைக் கொண்டுபோனாலே சூடு தெரியும், தொட்டுவிடாதீர்கள். டயர் காற்றையும் பாருங்கள். பின் டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் அளவு என்ன என்று இங்கே எழுதுங்கள்.

அடுத்தது கிளச். நான்காவது கியரில் 40இல் போகும்போது திரொட்டிலை முழுதாகத் திறந்து பாருங்கள். எஞ்சின் சுழற்சி ஏறி, வேகம் பின்தங்கினால் கிளச் வழுக்குகிறது. காருக்கு ஊற்றும் ஓயிலை யாராவது ஊற்றியிருந்தாலும் இது நடக்கும். நம் பைக்கில் கிளச் ஓயிலிலேயே மூழ்கிக் கிடக்கிறது. உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் உள்ள ஓயில் அதற்கு ஆகாது. போத்தலில் ஜாசோ எம்.ஏ. (இப்படிப்பட்ட கிளச்சுக்கு ஏற்ற ஓயில் என்ற தரக்குறி) என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவதுதான் என் முதல் சந்தேகம். உங்களுடையது டி.டி.எஸ்.ஐ. எஞ்சின். ஒரே சிலிண்டருக்கு இரண்டு பிளக். ஒன்று செத்துவிட்டால் மற்றது எஞ்சினை ஓட்டிக்கொண்டே இருக்கும். ஸ்டார்ட் ஆகும், நிற்காது, யாருக்கும் சந்தேகம் வராது. எரிதல் மட்டும் மெதுவாகிவிடும். இழுவை போகும், பெற்றோல் கூடும். இப்படி ஒற்றைப் பிளக்கில் வருடக்கணக்காக ஓடும் பல்சர்கள் இந்த ஊரில் எத்தனையோ.

பார்க்கும் விதம்: எஞ்சினை நிறுத்திவிட்டு ஒரு பக்கப் பிளக்கின் மேல் மாட்டியிருக்கும் கேப்பைக் கழற்றுங்கள். அந்தக் கேப்பில் உதிரி பிளக் ஒன்றைச் செருகி, பிளக்கின் இரும்பு எஞ்சின் உடலில் நன்றாகத் தொடும்படி வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பெற்றோல் கசிவு எதுவும் இருக்கக் கூடாது. எஞ்சின் ஓடினால் மறுபக்கம் நலம். இனி மாற்றிப் பாருங்கள். ஓடும்போது கேப்பைப் பிடுங்கிச் சோதிக்க வேண்டாம். கையில் மின்சாரம் அடிக்கும், பொறியை இயக்கும் சி.டி.ஐ. பெட்டிக்கும் நல்லதல்ல.

இவை எல்லாம் சரியென்றால்தான் காபரேட்டர். அது சி.வி. வகை. நீங்கள் முறுக்கும் கம்பி உள்ளே இருக்கும் வண்ணத்துப்பூச்சி வால்வை மட்டும் திறக்கிறது. காபரேட்டருக்குள்ளேயே இருக்கும் சிறிய பிஸ்டனைத் தூக்குவது காற்றழுத்த வேறுபாடு. அந்த வேறுபாட்டைத் தாங்குவது மெல்லிய இறப்பர் சவ்வு ஒன்று. அதில் ஊசி முனையளவு ஓட்டை விழுந்தாலும் பிஸ்டன் முழுதாக எழும்பாது, முறுக்க முறுக்க எஞ்சின் முனகும். மூடியைத் திறந்து, சவ்வை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். காபரேட்டரையும் எஞ்சினையும் இணைக்கும் இறப்பர்க் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். எயார் பில்டர், வால்வு இடைவெளி எல்லாம் சர்வீஸ் கணக்கில் எப்படியும் பார்க்க வேண்டியவை.

முழுத்திரொட்டில்

> பறப்பது காசுதான்

ஐயா, பந்தய பைக்குகளில் எல்லாம் கூம்பு பில்டர்தானே இருக்கிறது?

கிரீஸ்கை

பந்தய பைக் நிமிடத்துக்கு 3000 சுழற்சியில் பொரளைச் சந்தியைக் கடப்பதில்லை. அதற்குத் தேவையான காற்று மேல் சுழற்சியில். இவருக்குத் தேவையான இழுவை கீழேயும் நடுவிலும். சி.வி. காபரேட்டர் பெட்டிக்குள் இருக்கும் அமைதியான காற்றை நம்பி அமைக்கப்பட்டது. பெட்டியை எடுத்துவிட்டு ஜெட்டை (பெற்றோலை அளந்து விடும் சிறு துளையை) மாற்றாமல் விட்டால் கலவை மெலிந்து, திரொட்டிலைத் திறந்ததும் ஒரு விக்கல் விக்கும். மழைக்காலத்தில் தண்ணீரும் உள்ளே போகும். தெமட்டகொடையில் அரை மணி நேர மழைக்கே வீதி எப்படி ஆகிறது என்று பார்த்திருப்பீர்கள்.

சைலன்சர் விடயமும் அப்படித்தான். இந்தப் பல்சரின் பைப்பில் முன்பக்கம் சிறிய அறை ஒன்று புடைத்துக்கொண்டிருக்கும். எக்ஸ்ஹோஸ்டெக் என்று பெயர் வைத்து, கீழ்ச் சுழற்சி இழுவைக்கென்றே சேர்த்தார்கள். அதை வெட்டி எறிந்துவிட்டுச் சத்தம் போடும் குழாயை மாட்டினால் காதுக்கு வேகமாக இருக்கும். பொலிஸுக்கும் கேட்கும்.

95 ஒக்டேன் அதிர்வெடிப்பைத் தாங்கும் அளவுதான். கூடுதல் சக்தி அதில் ஒளிந்திருக்கவில்லை. 92இல் தட்டாமல் ஓடும் எஞ்சினுக்கு 95 ஊற்றினால் கிடைப்பது பற்றுச்சீட்டில் பெரிய எண். இரிடியம் பிளக் நீண்ட நாள் உழைக்கும், அவ்வளவே.

மூன்றாம்கியர்

கிரீஸ்கை அண்ணா சொன்னதோடு இன்னொன்று. நான் சுசுகி ஜி.என். 125 ஓட்டுகிறேன், பிள்ளையைப் பாடசாலையில் விட்டுவிட்டு பம்பலப்பிட்டிக்கு வேலைக்குப் போகிறேன். நம் வீதிகளில் ஆண்களில் பாதிப் பேர் 30இலேயே நான்காவது கியரைப் போட்டுவிட்டு, "இழுக்கவில்லை, இழுக்கவில்லை" என்று பைக்கைத் திட்டுகிறார்கள். பெற்றோல் மிச்சம் பிடிக்கும் பழக்கம். 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூ.ஆர். காட்டி வாரத்துக்கு 4 லீற்றர் வாங்கிய காலத்தில் எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது, இன்னும் போகவில்லை.

மட்டக்குளியான் சகோதரரே, உங்கள் எஞ்சினின் முறுக்குவிசை உச்சம் தொடுவது 6500 சுழற்சி அளவில். நீங்கள் எத்தனையில் கியர் மாற்றுகிறீர்கள்? முந்த வேண்டும் என்றால் முந்துவதற்கு முன்பே ஒரு கியர் இறங்குங்கள். எஞ்சின் கத்துகிறதே என்று பயப்பட வேண்டாம். சிவப்புக் கோட்டுக்குக் கீழே கத்துவதற்காகத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

ஹட்டன்காரன்

செயின் ஓடும் பற்சக்கரத்தை, ஸ்புரொக்கெட்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே! எல்லாம் சரியாக இருந்தும் போதவில்லை என்றால் மிகக் குறைந்த காசில் உண்மையான மாற்றம் தருவது அதுதான்.

என்னுடையதும் பல்சர் 150தான். பல் எண்ணியபோது முன்னால் 15, பின்னால் 44. 44ஐ 15ஆல் வகுத்தால் 2.93. முன்னால் 14 போட்டால் 3.14. அதாவது ஒவ்வொரு கியரிலும் பின் சக்கரத்துக்குப் போகும் இழுவை நூற்றுக்கு 7 கூடுகிறது. எஞ்சினுக்குள் கை வைக்காமல் 7 சதவீதம் வேறு எங்கே கிடைக்கும்? பின்னால் 47 போட்டாலும் ஏறத்தாழ அதே விகிதம் (3.13) வரும். ஆனால் பெரிய தட்டு வாங்க வேண்டும், செயினும் நீளமாக வேண்டும்.

இழப்பும் உண்டு. முன்பு ஐந்தாவது கியரில் ஒரு வேகத்துக்கு 5000 சுழற்சி என்றால் இனி அதே வேகத்துக்கு 5350க்கு மேல். நெடுந்தூரத்தில் இரைச்சலும் அதிர்வும் பெற்றோலும் கூடும். கொழும்புக்குள் மட்டும் ஓடுபவருக்கு அது பெரிய கணக்கல்ல. முன் பல் 13க்கு இறங்குவதை நான் விரும்புவதில்லை; சிறிய வட்டத்தில் செயின் அதிகமாக மடங்கி மடங்கிச் சீக்கிரம் தேய்ந்துவிடும். பல்சரின் வேகமானி முன் சக்கரத்திலிருந்து எடுப்பதால் அதன் கணக்குப் பிசகாது. கியர்ப்பெட்டியிலிருந்து எடுக்கும் பைக்குகளில் பிசகும், பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். ஜெட் அளவை மலைநாட்டு ஆட்களிடம் கேட்டு மாற்றாதீர்கள். நுவரெலியா 1868 மீற்றர் உயரம். காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அங்கே கலவை தானாகவே செறிந்துவிடும் என்பதால் சிலர் சிறிய ஜெட் போட்டுக்கொள்கிறார்கள். அதையே கொட்டாஞ்சேனையில் போட்டால் எஞ்சின் சூடேறும். லீவுக்கு ஊருக்கு வந்த மச்சான் சொன்னார் என்று இப்படி மாற்றிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

மட்டக்குளியான்

அனைவருக்கும் நன்றி. கிரீஸ்கை ஐயா சொன்ன ஒழுங்கிலேயே போனேன். கிடைத்தவை:

பின் சக்கரம் அரைச் சுற்றுக்கூடப் போகவில்லை. டிரம்மைத் திறந்தால் உள்ளே சேறும் பிரேக் தூளும் கட்டி கட்டியாக. பிரேக் ஷூவை விரிக்கும் கேம் காய்ந்து இறுகிக் கிடந்தது. சுத்தம் செய்து, கொஞ்சமாகக் கிரீஸ் தொட்டு மாட்டியதும் சக்கரம் தன்பாட்டில் சுற்றுகிறது. முன் காலிப்பரில் குறை இல்லை.

பின் டயர் 120/80-17. மாமா அகல டயர் அழகென்று போட்டாராம்.

கிளச் வழுக்கவில்லை.

பிளக்தான் விடயம். வலப்பக்கத்தை நிறுத்தியபோது எஞ்சின் எழும்பவே இல்லை. இடப்பக்கப் பிளக் வேலை செய்யாமலே இவ்வளவு நாளும் ஓடியிருக்கிறது. கேப்பின் உள்ளே இருக்கும் உலோகம் பச்சை பூத்து உதிர்ந்துவிட்டது. பஞ்சிகாவத்தைக்குப் போய்க் கேப்பும் இரண்டு பிளக்கும் வாங்கி வந்தேன். கடைக்காரர் "இரண்டும் ஒரே வகையில் போடு மகன்" என்று சொல்லித்தான் கொடுத்தார். மாட்டிவிட்டு ஒழுங்கையைத் தாண்டுவதற்குள்ளேயே வித்தியாசம் தெரிந்தது.

கிரீஸ்கை

கேப்பை மாற்றியது சரி. வயரின் நுனியும் பச்சை பூத்திருக்கும். அரை அங்குலம் வெட்டிவிட்டுப் புதிய செம்பில் கேப்பைத் திருகினீர்களா? இல்லாவிட்டால் சில மாதங்களில் இதே கதைதான். சேர்விஸ் நிலையத்தில் அழுத்தத் தண்ணீரை எஞ்சின் தலைக்கு நேரே பிடிக்க விடாதீர்கள். அந்தக் கேப்புகளுக்குள் தண்ணீர் போவது அப்படித்தான்.

டயருக்கு வருவோம். அந்த மொடலுக்கு வந்தது 100/90-17. கணக்குப் பாருங்கள்: 100இல் 90 வீதம் என்றால் பக்கச் சுவர் 90 மில்லிமீற்றர், 120இல் 80 வீதம் என்றால் 96. விட்டம் 12 மில்லிமீற்றர் கூடுகிறது. 612இலிருந்து 624, ஆக நூற்றுக்கு 2. ஹட்டன்காரன் பல்லைக் குறைத்துச் சம்பாதிக்கச் சொல்லும் ஏழில் இரண்டு பங்கை உங்கள் மாமா டயரில் தொலைத்திருக்கிறார். அகல டயரின் எடை வேறு. அந்த எடை சக்கரத்தின் விளிம்பில் இருப்பதால் ஒவ்வொரு சிக்னலிலும் அதைப் புதிதாகச் சுழற்ற வேண்டும். ஒல்லியான ரிம்மில் அகல டயரைத் திணித்தால் அதன் உருவமும் கோணும்; வளைவில் அது நல்லதில்லை. தேய்ந்ததும் பழைய அளவுக்கே போங்கள்.

வி8கனவு

நான் வேறு வழி சொல்கிறேன். 150க்கும் 180க்கும் பிஸ்டன் ஓட்டம் ஒன்றே, 56.4 மில்லிமீற்றர். சிலிண்டர் விட்டம்தான் வேறு. 180இன் சிலிண்டரும் பிஸ்டனும் பழையதாக வாங்கிப் போட்டால் 178 சி.சி. கிடைக்குமே?

கிரீஸ்கை

ஓட்டம் ஒன்று என்பது உண்மை. சிலிண்டரை மட்டும் மாற்றிவிட்டுத் தலை, காபரேட்டர், கிளச் எல்லாவற்றையும் 150இலேயே வைத்துக்கொள்ளப் போகிறீர்களா? ஒவ்வொன்றாக மாற்றி முடிக்கும்போது ஒரு பழைய 180ஐயே வாங்கியிருக்கலாம் என்று தோன்றும். அதைவிட, பதிவுப் புத்தகத்தில் சிலிண்டர் கொள்ளளவு எழுதியிருக்கிறது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குத் தெரிவிக்காமல் அதை மாற்றிவிட்டு நாளைக்கு ஒரு விபத்து என்றால் காப்புறுதிக்காரர் முதலில் பார்ப்பது அந்தப் புத்தகத்தைத்தான். 150இன் பிரேக்கை வைத்துக்கொண்டு 180இன் வேகத்தை எப்படி நிறுத்துவது என்ற கேள்வியும் இருக்கிறது.

மூன்றாம்கியர்

எடையை யாரும் சொல்லவில்லை. பைக் ஏறத்தாழ 140 கிலோ. கிராஷ் கார்ட், பக்கப் பெட்டி, பின்னால் இரும்புக் கரியர் எல்லாம் பூட்டினால் இன்னும் சில கிலோ ஏறும். மட்டக்குளியான் சகோதரர் பெட்டியில் என்ன வைத்திருக்கிறார் என்று தெரியவில்லை. என் வீட்டுக்காரர் ஒரு கார் ஜாக்கியைக் கொண்டு திரிந்தார். ஏன் என்று இன்று வரை சொல்லவில்லை.

மட்டக்குளியான்

அக்கா, என் பெட்டியில் ஒரு பழைய செயின் செட் முழுதாகக் கிடந்தது! மாமா "தேவைப்படும்" என்று வைத்திருக்கிறார்.

வயர் நுனியை வெட்டினேன் ஐயா. உள்ளே உண்மையாகவே பச்சை.

மாற்றங்கள் மனப்பிரமையா என்று தெரிந்துகொள்ள அளந்தும் பார்த்தேன். போயா தினக் காலையில், வெறிச்சோடிய நேரான வீதி ஒன்றில், மூன்றாவது கியரில் 25இலிருந்து திரொட்டிலை முழுதாகத் திறந்து 60 வரை. கைப்பேசியை டாங்க்கில் கட்டி வேகமானியைப் படம் பிடித்து, பிறகு நேரத்தை எண்ணினேன். போகும்போதும் திரும்பும்போதும் எடுத்தால்தான் காற்றும் சரிவும் ஈடாகும். தம்பி ஒருமுறை பழைய கேப்பை மாட்டிப் பார்ப்போம் என்றான். ஒற்றைப் பிளக்கில் ஒன்பது வினாடிக்குக் கிட்ட. இரண்டும் வேலை செய்யும்போது ஏழுக்கும் சற்றுக் குறைவு. பிரேக்கைச் சரி செய்வதற்கு முன் அளந்து வைக்கவில்லை, இல்லாவிட்டால் இன்னும் பெரிய வித்தியாசம் தெரிந்திருக்கும்.

செயின் எப்படியும் தேய்ந்திருக்கிறது. புதிதாக மாற்றும்போது முன்னால் 14 பல் போடட்டுமா, 15ஐயே வைத்திருக்கட்டுமா? மாதம் ஒருமுறை கண்டிக்கு மனைவியின் வீட்டுக்குப் போவோம்.

ஹட்டன்காரன்

இரண்டு பேராகக் கண்டிக்குப் போகிறீர்கள் என்றால் 14தான். கடுகண்ணாவை ஏற்றத்தில் மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் இடையே அல்லாட வேண்டியிருக்காது. கடவத்தையிலிருந்து நிட்டம்புவ வரை அந்த இரைச்சலைச் சகித்துக்கொள்ளுங்கள்.

கிரீஸ்கை

நான் 15 என்பேன். இப்போதுதான் பைக்குக்கு உயிர் வந்திருக்கிறது. டயரும் பழைய அளவுக்கு வந்தால் 2 சதவீதம் தானாகச் சேரும். அதன் பிறகும் ஆசை இருந்தால் முன் ஸ்புரொக்கெட் தனியாகவே கிடைக்கும். ஒரு பல் குறைவதற்குச் செயினை வெட்டத் தேவையில்லை, பின் அச்சைச் சற்றுப் பின்னால் இழுத்தால் போதும். ஹட்டன்காரன் மலையில் பிறந்தவர், அவருக்கு எல்லா வீதியும் ஏற்றம்.

ஹட்டன்காரன்

ஐயாவுக்கு எல்லா வீதியும் காலி வீதி!

மட்டக்குளியான்

15இலேயே செட்டை மாற்றிவிட்டேன். 14 பல் ஒன்றையும் தனியாக வாங்கி வீட்டில் வைத்திருக்கிறேன். கண்டிப் பயணம் முடிந்ததும் மாட்டிப் பார்த்து, அதே வீதியில் அளந்து எழுதுகிறேன். புகைப் பரிசோதனையும் முடிந்தது. கடந்த முறை மாமாவுக்குக் காபரேட்டரைத் திருகித் திருகித்தான் சித்தியடைந்ததாம். இம்முறை ஒன்றும் செய்யாமலே போய்விட்டது. ஒரு பிளக் எரியாவிட்டால் எரியாத பெற்றோல் புகையோடுதானே வரும்.

பெஞ்சமின்வீதி

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னிடம் இருப்பது ஹொண்டா சி.டி. 125, இரட்டைச் சிலிண்டர். 2022இல் பெற்றோல் இல்லாமல் நிறுத்தியது, இப்போதுதான் எழுப்பினேன். கீழ்ச் சுழற்சியில் ஓடுகிறது, முறுக்கினால் அடைத்துக்கொள்கிறது. இதற்கும் பிளக்தானா?

கிரீஸ்கை

உங்களுக்கு வேறு. ஒரு சிலிண்டர் செத்திருந்தால் கீழ்ச் சுழற்சியிலேயே தடுமாறும். உங்களுடையதில் பழைய பெற்றோல் பிசினாகி மெயின் ஜெட்டை அடைத்திருக்க வேண்டும். காபரேட்டரைத் திறக்கும் முன் டாங்க்கை முழுதாக வடித்து உள்ளே டோர்ச் அடித்துப் பாருங்கள். துரு இருந்தால் அதை எடுக்காமல் ஜெட்டைச் சுத்தம் செய்வது வீண். அடுத்த வாரமே மறுபடி அடைக்கும். ஜெட்டைக் கம்பியால் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். கிளீனர் அடித்து, காற்றால் ஊதுங்கள். பெற்றோல் குழாயில் ஒரு சிறிய பில்டரும் மாட்டுங்கள். முடித்துவிட்டு இரண்டு சைலன்சரும் ஒரே அளவு சூடேறுகின்றனவா என்று பார்த்து இங்கே எழுதுங்கள்.